ஸ்டிஞ்சி எண்டால் குளவி மாதிரிக் கொட்டுறதோ? கஞ்சன், மீன், மைசர் பற்றின கதை

கேள்வி, 2024 ஆவணி (ஆகஸ்ட்) 2

அக்கா, என்ர மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். இங்கிலிஸ் சோதினையில ஸ்டிஞ்சி எண்ட சொல்லுக்குத் தமிழ் கேட்டிருக்கு, இவள் "கொட்டுகின்ற, குத்துகின்ற" எண்டு எழுதிப்போட்டாள். பெரிய சிவப்புப் புள்ளடி. ஸ்டிங் எண்டால் குளவி கொட்டுறதுதானே அம்மா, அப்ப ஸ்டிஞ்சி எண்டால் கொட்டுற குணம்தானே எண்டு கேட்டு அழுகிறாள். வகுப்பில வாசிச்சுக் காட்ட எல்லாப் பிள்ளையளும் சிரிச்சதாம். கஞ்சனுக்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம் எண்டு நான் என்னத்தைச் சொல்ல?

பதில், ஆவணி 2, இரவு 9.10

முதல்ல பிள்ளையை அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. புள்ளடி சரி, ஏனெண்டால் இண்டைக்கு ஸ்டிஞ்சி எண்டால் கஞ்சத்தனமான, கைவிட்டுக் குடுக்காத எண்டுதான் கருத்து, சோதினைக்கு அதைத்தான் எழுதவேணும். ஆனா சிரிச்சது பிழை. அந்தச் சொல்லு எங்கயிருந்து வந்தது எண்டு தேடிப்போன அகராதிக்காரர் கடைசியா வந்து நிக்கிற இடமும் உங்கட மகள் நிண்ட இடம்தான். 1600களின்ர தொடக்கத்தில ஸ்டிஞ்சி எண்டதுக்குக் கொட்டுற, கடிக்கிற, சுள்ளெண்டு உறைக்கிற எண்டு ஒரு பாவிப்பு இருந்திருக்கு. 1650கள் அளவிலதான் கஞ்சன் எண்ட கருத்து எழுத்தில வருது. முதல் சொல்லுத்தான் ரெண்டாவதா மாறினது எண்டு அவை அடிச்சுச் சொல்லேல்லை, "இருக்கலாம்" எண்டு போடுகினம். பதின்மூண்டு வயசுப் பிள்ளை ஒரு புத்தகமும் பாக்காமல் தானே பொருத்திப் பாத்திருக்கு. இருபது வருசமா வீட்டு விறாந்தையில வைச்சு இங்கிலிஸ் சொல்லிக்குடுக்கிறன், இப்பிடி யோசிச்ச பிள்ளையளைக் கைவிரலில எண்ணலாம்.

ஆவணி 2, இரவு 9.45

ஒண்டு விட்டுப்போட்டன். எழுதுறது ஒரே மாதிரி, ஆனா சொல்லுற விதம் ரெண்டு. கஞ்சனுக்கு ஸ்டிஞ்சி. கொட்டுற பூச்சிக்கு ஸ்டிங்கி எண்டு இறுக்கிச் சொல்லவேணும், அது இப்பவும் இருக்கிற சொல்லுத்தான். எழுத்தை மட்டும் பாத்தால் பிள்ளை எழுதினது முழுப்பிழை எண்டு சொல்லவே ஏலாது.

குளவி எப்பிடிக் கஞ்சனாச்சு எண்டு கேட்டால் எனக்கு அது கஷ்டமாத் தெரியேல்லை. இங்கிலாந்தின்ர சில ஊர்ப் பேச்சில முன்கோபக்காரரையும் இந்தச் சொல்லால சொல்லியிருக்கினம். எங்கட ஊரிலயும் குடுக்காத ஆள் சும்மா இராது, கேக்கப்போன ஆளில வள்ளெண்டு விழும். இல்லையெண்டு சொல்லுறது ஒரு நோ, அதைக் கடிச்சுச் சொல்லுறது இன்னொரு நோ. படலையைத் திறந்துகொண்டு போன மனம் திரும்பி வரேக்க எப்பிடி இருக்கும் எண்டு கைமாத்துக் கேக்கப் போன எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொட்டுத்தான் சொல்லில நிக்குது எண்டு நான் நினைக்கிறன். எனக்கு இதில ஒரு சொந்தக் கணக்கும் இருக்கு, நேரம் வரேக்க எழுதுறன்.

ஆவணி 3, பின்னேரம் 6.20

இண்டைக்கு வகுப்பில இதையே எடுத்தன். இங்கிலிஸில மீன் எண்டாலும் கஞ்சன்தான். மை அங்கிள் இஸ் மீன் எண்டதைத் தமிழில சொல்லுங்கோ எண்ட உடன ஒரு பெடியன் எழும்பி "என்ர மாமா ஒரு மீன்" எண்டான். என்ன மீன், விளையோ ஒட்டியோ எண்டு பக்கத்தில இருந்த பெட்டை கேக்க எல்லாரும் சிரிச்சு, அவனும் சிரிச்சு, நானும் சிரிச்சன்.

ஆனா மீன் எண்ட அந்த இங்கிலிஸ் சொல்லுக்குப் பின்னால ஒரு துக்கமான கதை இருக்கு. மூண்டு வேற வேற சொல்லுகள் வந்து ஒரே உருவில சேந்ததுதான் மீன். கருதுறது எண்டது ஒண்டு. கணக்கில சராசரி எண்டு வாறது இன்னொண்டு, அது லத்தீனில நடு எண்ட சொல்லு பிரெஞ்சு வழியா வந்தது. மூண்டாவது எங்கட ஆள். பழைய இங்கிலிஸில அது கெமேனெ எண்டு இருந்தது, கருத்து என்ன தெரியுமோ, எல்லாருக்கும் பொதுவான, பங்குபோட்டு வைச்சிருக்கிற. ஜெர்மன்காரரின்ர கெமைன் இதின்ர உடன்பிறப்பு. பொதுவானது எண்டது பிறகு சாதாரணமானது எண்டாச்சு, சாதாரணமானது தரங்குறைஞ்சது எண்டாச்சு, தரங்குறைஞ்சது ஈனமானது எண்டாச்சு, 1700களின்ர நடுவில கஞ்சன் எண்டு வந்து நிண்டிட்டுது. பங்கு போடுறதைச் சொன்ன சொல்லு பங்கு போடாதவனுக்குப் பேராச்சு.

தமிழிலயும் நாற்றம் எண்டால் முந்தி நல்ல வாசம். இப்ப ஆரிட்டயாவது போய் உங்கட பூ நாறுது எண்டு சொல்லிப் பாருங்கோ. சொல்லுகள் இப்பிடி இறங்கிப்போறது புதுசில்லை, எண்டாலும் மீன் இறங்கின இறக்கத்தை நினைக்க எனக்கு மனசு பாரமாத்தான் இருக்கு.

ஆவணி 3, இரவு 10.05

அமெரிக்காவில மீன் எண்டால் பெரும்பாலும் கெட்ட குணம், மற்றவையை நோகப்பண்ணுறது. பிரிட்டனில கஞ்சன் எண்ட கருத்து இன்னும் உயிரோட இருக்கு. எங்களுக்கு இங்கிலிஸ் வந்தது பிரிட்டிஷ் வழியால எண்டபடியா எங்கட பழைய ஆக்கள் கஞ்சனுக்குத்தான் பாவிச்சவை. கனடாவில படிக்கிற பேரப்பிள்ளை "கிராண்ட்பா இஸ் மீன்" எண்டு சொன்னால் காசு தரேல்லை எண்டு நினைச்சிடாதேங்கோ, ஏசிப்போட்டார் எண்டு சொல்லுது.

ஆவணி 4, காலமை

மலிவுக்கும் கஞ்சனுக்கும் சொல்லுற சீப் எண்ட இங்கிலிஸ் சொல்லு எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டவருக்கு: அது முதல்ல பெயர்ச்சொல், வியாபாரம், பேரம் எண்டு கருத்து. லண்டனில சீப்சைட் எண்டு ஒரு தெரு இருக்கு, மலிவுத் தெரு இல்லை, சந்தைத் தெரு. டென்மார்க்கின்ர கோப்பன்ஹேகன் எண்ட பேரிலயும் இதே வேர்தான், வியாபாரியளின்ர துறைமுகம். நல்ல பேரம் எண்டு சொல்லக் குட் சீப் எண்டவை, பிறகு குட் தேஞ்சு சீப் மட்டும் மிஞ்சிச்சு. ஆளைச் சீப் எண்டு சொல்லுறது பிந்தி அமெரிக்காவில வந்த பழக்கம். இதில எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

ஆவணி 4, மத்தியானம் 1.30

எங்கட கஞ்சனைப் பாப்பம். கஞ்சன் கஞ்சியில இருந்து வந்தது, காசு இருந்தும் கஞ்சி மட்டும் குடிச்சுக் கிடக்கிறவன் எண்டு என்ர அம்மா சொல்லுவா. எனக்கும் அது சரியாத்தான் படுது.

ஆவணி 4, இரவு 8.50

மத்தியானம் எழுதினதைத் திருத்துறன். ரெண்டு பேர் எழுதினவை, ரெண்டு பேருக்கும் நன்றி. ஹிந்தியில கஞ்சனுக்குக் கஞ்சூஸ் எண்டு சொல்லுறவை. அங்க எங்கட கஞ்சி இல்லை, அப்ப கஞ்சியில இருந்துதான் வந்தது எண்டு நான் அவ்வளவு உறுதியா எழுதியிருக்கக்கூடாது. அம்மாவின்ர விளக்கம் வடிவானது, வடிவு வேற, சரி வேற. இதைத்தானே நான் பிள்ளையளுக்குச் சொல்லுறனான்.

மற்றவர் கேட்டது, கஞ்சன் எண்டது கம்சனில இருந்து வந்ததோ எண்டு. கண்ணன்ர மாமன் கம்சனைத் தமிழில கஞ்சன் எண்டுதான் பாடினவை, ஆண்டாளின்ர திருப்பாவையிலயே "கஞ்சன் வயிற்றில் நெருப்பென்ன நின்ற" எண்டு வருது. ஆனா கம்சன் செய்தது தங்கச்சியின்ர பிள்ளையளைக் கொண்டது, காசைப் பொத்தி வைச்சதில்லை. ஒரே உருவம் எண்டதுக்காக ஒரே சொல்லு எண்டு எடுக்க ஏலாது. ஒரே குளத்தில நிண்டாலும் தாமரை வேற, அல்லி வேற.

அதோட எங்கட ஊரில கஞ்சல் எண்டால் குப்பை. கூட்டி அள்ளுறது. அதையும் இதோட முடிஞ்சு போடாதேங்கோ.

ஆவணி 5, இரவு

உலோபி எண்ட சொல்லு சமஸ்கிருதத்தின்ர லோபம். ல எழுத்தில தமிழ்ச் சொல்லுத் தொடங்காது எண்டபடியா முன்னுக்கு ஒரு உ. லோபம் எண்டால் ஆசை, பேராசை. அந்த லுப் எண்ட வேரும் இங்கிலிஸ்காரரின்ர லவ் எண்ட சொல்லின்ர வேரும் ஒரே வேர் எண்டு மொழிநூல்காரர் காட்டுகினம், ஜெர்மனின்ர லீபவும் அதுதான். உலோபியும் லவ்வும் ஒரு தாய்ப்பிள்ளையள். இதை அறிஞ்ச அண்டு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. ஒண்டை இறுக்கிப் பிடிக்கிறது எண்டதில ரெண்டும் ஒண்டுதான், எதைப் பிடிக்கிறம் எண்டதிலதான் வித்தியாசம்.

பிசினாறி எண்டேக்க எனக்குக் காதில விழுறது பிசின்தான், எங்கட முருங்கையில வடிஞ்சு நிக்குமே அது. ஒருக்கால் விரலில பட்டால் கழுவினாலும் போகாது.

ஆவணி 7, பின்னேரம் 4.00

ஸ்கின்பிளின்ட் எண்டு ஒரு சொல்லு இருக்கு, 1700 அளவில வந்தது. ஸ்கின் எண்டால் இஞ்ச தோலை உரிக்கிறது, பிளின்ட் எண்டால் தீத்தட்டுற கல். கல்லின்ர தோலையும் உரிச்சு வைச்சுக்கொள்ளுற ஆள்தான் ஸ்கின்பிளின்ட். இதை முதல்ல வாசிச்ச நேரம் அட எங்கட கல்லில நார் உரிக்கிறது எண்டு துள்ளினன். பிள்ளையளுக்கும் வருசக்கணக்கா அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தன், ரெண்டும் ஒண்டு எண்டு.

நேற்று இரவு மா அரிச்சுக்கொண்டு இருக்கேக்கதான் உறைச்சது, ரெண்டும் ஒண்டில்லை. நாங்கள் எப்ப சொல்லுறம்? அவரிட்டக் காசு வாங்குறது கல்லில நார் உரிக்கிற மாதிரி எண்டு. எங்கட சொல்லில கஞ்சன்தான் கல்லு. உரிக்கிறது நாங்கள், கேட்டுப்போற ஆக்கள், நகம் தேயத் தேய. இங்கிலிஸ்காரர்ர சொல்லில கஞ்சன் உரிக்கிற ஆள், அவன்ர கையில ஒரு கல்லு, அதிலயும் ஏதும் மிஞ்சுமோ எண்டு சுரண்டிக்கொண்டு தனிய இருக்கிறான். அதில கேக்கிற ஆளே இல்லை.

ஒரே கல்லு, ஒரே உரிப்பு, ஆனா தமிழ் வாசலில நிக்கிற ஆளின்ர கண்ணால பாக்குது, இங்கிலிஸ் வீட்டுக்க இருக்கிற ஆளைப் பாக்குது. இவ்வளவு காலமும் இதைப் பிழையாச் சொல்லிக்குடுத்திட்டன். என்னட்டப் படிச்ச ஆரும் இதை வாசிச்சால் உங்கட கொப்பியில திருத்துங்கோ.

ஆவணி 7, இரவு 9.30

எச்சில் கையால காகம் கலையான் எண்டதைப் பற்றிக் கேட்டிருக்கு. கையில ஒட்டின சோத்துப் பருக்கை காகத்துக்கு விழுந்திடும் எண்டு பயம். எங்கட வீடுகளில விரத நாளில காகத்துக்கு வைச்சுப்போட்டுத்தான் சாப்பிடுறது, வாழையிலைத் துண்டில சோறும் கறியும் மதிலில வைச்சுக் கா கா எண்டு கூப்பிட்டு, அது வந்து கொத்துமட்டும் பசியோட பாத்துக்கொண்டு நிப்பம். அப்பிடிப்பட்ட ஊரில காகத்துக்குப் பருக்கை போயிடும் எண்டு கையை உதறாதவன் எண்டு சொன்னால் அதைவிடக் கீழ ஒரு இடம் இல்லை.

இது பழசிலும் பழசு. திருக்குறளில கயமை அதிகாரத்தில "ஈர்ங்கை விதிரார்" எண்டு வருது, சாப்பிட்டுக் கழுவின ஈரக்கையைக்கூட உதறமாட்டினம், தாடையை உடைக்கிற மாதிரி முறுக்கின கையோட வாறவனைத் தவிர. ஈரத்தை எடுத்துப்போட்டுக் காகத்தை வைச்சால் எங்கட பழமொழிதான். வள்ளுவருக்குக் கஞ்சத்தனத்துக்கு எண்டே இன்னொரு சொல்லும் இருந்தது, இவறன்மை. இண்டைக்கு ஆரும் பாவிக்கிறேல்லை, எனக்கு அது திரும்பி வந்தால் சந்தோசம்.

ஆவணி 8, இரவு 11.15

இதுக்குக் கீழ ஒருத்தர் "யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு உந்தச் சொல்லு எல்லாமே பொருந்தும், பனங்கொட்டை சூப்பியள்தானே" எண்டு எழுதியிருக்கிறார். நான் இதுக்கு வடிவாப் பதில் சொல்லப்போறன்.

எங்கட மண் சுண்ணக்கல்லு. ஆறு இல்லை. கிணத்தில இருக்கிற தண்ணிதான், அதையும் ஒரு காலத்தில துலாவில ஏறி மிதிச்சு இறைச்சுத்தான் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வைச்சவை. அந்த மண்ணில நிண்டது பனை. பனம்பழத்தைப் பிசைஞ்சு களியைப் பாயில ஊத்திக் காயவைச்சால் பினாட்டு. கொட்டையைப் பாத்தியில போட்டால் கிழங்கு. கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். கிழங்கு கிண்டின பிறகு கொட்டையை வெட்டினால் உள்ளுக்க பூரான், பிள்ளையள் அடிபட்டுத் தின்னும். அதுக்குப் பிறகு மிஞ்சுற ஊமலைக் காயவைச்சு அடுப்புக்கு. ஒரு பழத்தில ஒண்டும் வீசுறேல்லை. இதைக் கஞ்சத்தனம் எண்டு சொல்லுற ஆளுக்கு நிலம் எண்டால் என்ன எண்டு தெரியாது. அதோட கொழும்பிலயும் மலாயாவிலயும் கிளாக்கர்மார் வேலைசெய்து அனுப்பின மணியோடரில வளந்த வீடுகள் எத்தினை. மாசம் ஒருக்கால் வாற காசை முப்பது நாளுக்கு இழுத்த அம்மாமாரைக் கஞ்சர் எண்டு நான் சொல்லமாட்டன், ஆரையும் சொல்ல விடவும் மாட்டன்.

ஆவணி 9, காலமை 7.00

ஆறு இல்லை எண்டு எழுதினது முழுசாச் சரியில்லை எண்டு சண்டிலிப்பாய்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் எழுதியிருக்கிறார். வழுக்கையாறு இருக்கு, மழைக்காலத்தில மட்டும் ஓடுறது. வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை எண்டு மாத்தி வாசியுங்கோ.

ஆவணி 9, மத்தியானம்

நேற்றைக்கு எழுதினது எல்லாம் சிக்கனம். அதுக்கு இங்கிலிஸ் த்ரிப்ட். அது த்ரைவ் எண்ட சொல்லோட சொந்தம், தழைக்கிறது, செழிக்கிறது, ஸ்கண்டிநேவியப் பக்கத்தால வந்தது. சேத்து வைக்கிறது பிறகு, தழைக்கிறதுதான் முதல். கடற்கரையில கல்லிடுக்கில இளஞ்சிவப்பாப் பூக்கிற ஒரு சின்னச் செடிக்கும் அங்க த்ரிப்ட் எண்டுதான் பேர். 1937 இல வந்த பன்னிரண்டு மூலை உள்ள பிரிட்டிஷ் மூண்டு பென்ஸ் காசில அந்தப் பூவைத்தான் அடிச்சவை, சொல்லையும் செடியையும் காசையும் ஒண்டாக்கி. எங்கட ஊர் ஒழுங்கையளில சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் எண்ட போர்டுகளைப் பாத்திருப்பியள், இங்கிலிஸில அதுக்குத் த்ரிப்ட் எண்டுதான் போடுறது. ஊருக்குள்ள காசு போட்டு ஊருக்குள்ள கடன் எடுக்கிறது. மீன் எண்ட சொல்லு துலைச்ச பழைய கருத்து, பங்குபோட்டு வைச்சிருக்கிறது, அந்தப் போர்டுக்குக் கீழ இருக்கு.

ஆவணி 10

வெளிநாட்டில பிள்ளையள் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு பற்றிச் சொல்லவேணும். நிகாட்லி எண்டு கஞ்சத்தனத்துக்கு ஒரு பழைய சொல்லு, 1300களிலயே இதின்ர அடிச்சொல்லு இருக்கு, ஸ்கண்டிநேவியப் பக்கத்து வேர் எண்டு நம்புகினம். கறுப்பின மக்களைக் கேவலப்படுத்துற வசவுக்கும் இதுக்கும் பிறப்பில ஒரு தொடர்பும் இல்லை, அது லத்தீனில கறுப்பு எண்ட சொல்லில இருந்து வந்தது. ஆனா காதில கிட்டக்கிட்ட விழும். 1999 இல வாஷிங்டன் நகர மேயரின்ர உதவியாளர் ஒருத்தர் வரவுசெலவுக் கதையில இதைச் சொல்லி, கேட்ட ஆள் வசவு எண்டு எடுத்து, அவர் வேலையை விட்டார், பிறகு மேயர் திருப்பிக் கூப்பிட்டவர். பழைய புத்தகத்தில கண்டால் கருத்து விளங்கட்டும், வாயில எடுக்க வேண்டாம் எண்டுதான் நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது. நோகிற ஆளுக்கு முன்னால நிண்டு வேர்ச்சொல்லு படிப்பிக்க ஏலாது.

ஆவணி 12, இரவு 10.40

மைசர், கஞ்சனுக்கு இங்கிலிஸில இன்னொரு பேர். இதுக்குத்தான் இவ்வளவு நாளும் சுத்திச் சுத்தி வந்தனான்.

லத்தீனில மிசர் எண்டால் துன்பப்பட்டவன், பாவம், இரங்கத்தக்கவன். காசுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மிசரி, மிசரபிள் எல்லாம் அந்தக் குடும்பம். இங்கிலிஸுக்கு 1540கள் அளவில வரேக்கயும் மைசர் எண்டால் பரிதாபமான ஆள் எண்டதுதான் கருத்து. கொஞ்ச வருசத்தில, காசை வைச்சுக்கொண்டு பரிதாபமாச் சீவிக்கிற ஆளுக்குப் பேராச்சு. இப்ப அந்த இரக்கம் வழிச்சு எடுத்த மாதிரிப் போயிட்டுது, ஏச்சு மட்டும் நிக்குது.

பாசையூரில இருந்து என்னட்ட வாற ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்ல அது வீட்ட போய்ச் சொல்லியிருக்கு, அதின்ர அம்மம்மா அடுத்த நாள் பிள்ளையோட வந்து விறாந்தையில இருந்து, "மிசெரேரே நோபிஸ்" எண்டு எனக்குப் பாடிக் காட்டினவ. பூசை லத்தீனில நடந்த காலத்துப் பாட்டு, 1960களில தமிழுக்கு மாற முந்தி. எங்கள் மேல இரக்கம் வையும் எண்டு கருத்து. குரல் நடுங்கிச்சு, ஆனா ஒரு சொல்லும் தவறேல்லை. மைசர் எண்டதும் மிசெரேரே எண்டதும் ஒரே சொல்லின்ர பிள்ளையள் எண்டு நான் சொல்ல, அவ கனநேரம் பேசாமல் இருந்துபோட்டு, "அப்ப கஞ்சனுக்காகவும் தானே பிள்ளை இவ்வளவு காலமும் மண்டாடி இருக்கிறம்" எண்டா.

ஆவணி 12, இரவு 11.50

நித்திரை வரேல்லை. சொந்தக் கணக்கு எழுதுறன்.

என்ர பெரியப்பா அடுத்த வளவு. கொழும்பில கிளாக்கரா இருந்தவர், 1983 கலவரத்தில எல்லாம் எரிஞ்சு முகாமில கிடந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில வந்திறங்கினவர். உடுத்த சாரமும் ஒரு பையும். எனக்கு அப்ப ஏழு வயசு. அதுக்குப் பிறகு அவற்ற கையில இருந்து ஒரு சாமானும் வெளிய போனதை நான் காணேல்லை. வந்த கடித உறையைப் பிரிச்சு மறுபக்கம் திருப்பி ஒட்டுவார். நெருப்புக்குச்சியைப் பிளேட்டால ரெண்டாக் கிழிப்பார். சவர்க்காரத் துண்டுகளை நனைச்சு உருட்டி ஒரு கட்டியாக்குவார். கேக்கப் போனால் வள்ளெண்டு விழுவார், நான் ரெண்டாம் திகதி எழுதின அந்தக் கொட்டு.

1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தடை, மெழுகுதிரி தடை, பற்றரி தடை. ஜாம் போத்தலுக்க பஞ்சைப் போட்டு, அதில கொஞ்ச எண்ணெயை ஊறவிட்டு, நடுவில ஒரு திரி, அதுதான் லாம்பு, அதில படிச்சுத்தான் 1992 மார்கழியில ஓ எல் எண்ட பள்ளிக்கூடப் பொதுச் சோதினை எடுத்தனாங்கள். கணக்குச் சோதினைக்கு முதல் நாள் இரவு எங்கட வீட்டில எண்ணெய் முடிஞ்சுபோச்சு. பெரியப்பாட்ட ஒரு மண்ணெண்ணெய்க் கலன் இருந்தது, எல்லாருக்கும் தெரியும். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அரைப் போத்தல் கேட்டா. இல்லையெண்டார். அம்மா திருப்பியும் கேட்டா, பிள்ளைக்கு நாளைக்குச் சோதினை எண்டு. "எனக்கு நாளைக்கு எண்டு ஒண்டு இல்லையோ" எண்டு கத்தினார். நான் அம்மாவுக்குப் பின்னால நிண்டு "கஞ்சன்" எண்டு சொன்னன். மெதுவாத்தான், ஆனா அவருக்குக் கேட்டது. முகத்தைத் திருப்பினார். கதவு சாத்துப்பட்டுது.

பிறகு எங்களுக்குள்ள கதை இல்லை. 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30, சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் வெளிக்கிட்ட இடப்பெயர்வில தென்மராட்சிக்குப் போற சனத்துக்க அவரைக் கடைசியாக் கண்டன், சைக்கிளில அந்தக் கலன் கட்டியிருந்தது. மீசாலையில அடுத்த மாசம் செத்துப்போனார்.

அவர் ரகசியமா ஆருக்கும் உதவினார் எண்டு நான் பிறகு அறியேல்லை. அப்பிடி ஒண்டும் வெளிவரேல்லை. அவர் தரேல்லை, தந்திருக்கவேணும், இதை நான் மாத்திச் சொல்லமாட்டன். ஆனா மிசர் எண்ட சொல்லை அகராதியில முதல்ல கண்ட அண்டைக்குப் புத்தகத்தை மூடிப்போட்டு வெளிய வந்து நிண்டனான். நான் சொன்ன சொல்லில அந்த முதல் கருத்து இல்லை. எனக்கு அப்ப பதினாறு வயசு, என்னட்ட ஒரு சொல்லுத்தான் இருந்தது.

ஆவணி 14, காலமை 6.30

கனடாவில இருக்கிற அக்கா இதை வாசிச்சுப்போட்டு ராத்திரி கோல் எடுத்தவ. ரெண்டு திருத்தம் சொன்னவ. அரைப் போத்தல் இல்லை, கால் போத்தல். அம்மா குழந்தையின்ர மருந்துப் போத்தல்தான் கொண்டுபோனவவாம், தன்ர கையால கழுவிக் குடுத்தது எண்டு ஞாபகம் இருக்காம்.

மற்றது, நாங்கள் திரும்பி வந்தாப் பிறகு அவ கிணத்தடிக்குப் போகேக்க வேலிக்கு மேலால பெரியப்பா வீட்டை எட்டிப் பாத்தவவாம், கோவத்தில, தான் மட்டும் லாம்பு கொளுத்தி இருக்கிறாரோ எண்டு. அங்கயும் இருட்டு. விறாந்தைக் குந்தில அவர் இருந்தது சுருட்டு நெருப்பில மட்டும் தெரிஞ்சதாம். பக்கத்தில கலன்.

முப்பத்திரண்டு வருசம் இது எனக்குத் தெரியாது. அண்டைக்கு அவ ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். "உனக்குச் சோதினை" எண்டா.

ஆவணி 14, பின்னேரம் 5.10

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு. உங்கட மகள் சோதினையில கஞ்சத்தனமான எண்டு எழுதட்டும். கொப்பியில அதுக்குப் பக்கத்தில பென்சிலால கொட்டுகின்ற எண்டதையும் விட்டு வைக்கட்டும், அழிக்க வேண்டாம். ஸ்டிஞ்சிக்கு வசனம் எழுதவேணும் எண்டால், "ஹீ வோஸ் ஸ்டிஞ்சி வித் த லாம்ப் ஒயில்" எண்டு எழுதலாம், ஸ்டிஞ்சிக்குப் பிறகு வித் வரும். சனிக்கிழமை பின்னேரம் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் அந்தப் பிள்ளையைப் பாக்கவேணும்.